பரவாயில்லை என்ற சொல்

காலை எட்டு மணிக்குக் கட்டிலோரப் பெட்டி கேட்டது: "சவரிமுத்து ஐயா, வலி எப்படி இருக்கிறது?"

"பரவால்ல தாயி."

பெட்டியில் இரண்டு என்றிருந்த எண் ஒன்றானது. சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்த மகள் ஜெசிந்தாவின் கை நின்றது.

இதய அறுவை முடிந்ததும் விலா நரம்புகளின் ஓரம் இரண்டு மெல்லிய குழாய்களை விட்டுவைத்து, மருந்தைச் சொட்டவிட்டு நெஞ்சை மரத்துப்போகச் செய்வார்கள். நரம்புப்பூட்டு என்று பெயர். அதன் சாவி நோயாளியின் சொல் மட்டுமே. வலிக்கிறது என்றவர்களை மருத்துவரும் நம்பாமல், வீட்டாரும் நம்பாமல் இருந்த காலம் ஒன்று இருந்தது. அதனால்தான் ஒருவர் வலியைப் பற்றி வேறெவர் சொல்லும் செல்லாது என்று சட்டம் வந்தது. வலியில்லை என்னும்போதெல்லாம் ஓர் எண் குறையும், சொட்டும் மருந்தும் குறையும். சுழியத்தைத் தொட்டால் மருந்து அடியோடு நின்று பூட்டு திறந்துவிடும். பிறகு பூட்ட முடியாது.

அப்பா தலையணையை நெஞ்சோடு அணைத்து, வலிக்குப் பயந்து வந்த இருமலை விழுங்கினார். இருமிச் சளியைத் துப்பாவிட்டால் நுரையீரல் அடைத்துக்கொள்ளும் என்று செவிலியர் எச்சரித்திருந்தார்.

"வலிக்குன்னு சொன்னா என்னப்பா?"

"அந்தப் புள்ள நாலு மணிக்கொருக்கா தவறாம வந்து கேக்கு. அதுட்டப் போயி பொலம்பச் சொல்லுதியா?"

"அது புள்ள இல்லப்பா, மிஷினு."

"மிஷினுக்கு இருக்க மரியாத ஒனக்கு இல்லயேட்டி."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெட்டிக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. திரையில் 'பரவாயில்லை' என்ற சொல் வந்தபோது அதன் எதிரே மூன்று கட்டங்கள் இருந்தன: வலி உண்டு, வலி இல்லை, தெளிவில்லை. 'தெளிவில்லை' என்றால் காரணம் எழுத வேண்டும். அன்று சினிமாவுக்கு நேரமாகிவிட்டிருந்தது. 'வலி இல்லை'யைத் தொட்டுவிட்டு எழுந்து போனாள்.

பன்னிரண்டு மணி. "வலி எப்படி இருக்கிறது, ஐயா?" பெட்டி பொறுமையாகக் காத்திருந்தது.

"அப்பா, இருங்க." அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அதுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது நான்தாம்ப்பா. சினிமாவுக்குப் போற அவசரத்துல குறிச்சிட்டேன். நம்ம ஊர்ல எத்தன பேரு இப்படிப் பல்லக் கடிச்சிக்கிட்டுக் கெடந்தாங்களோ..." கட்டில் விளிம்பில் நெற்றியை வைத்துத் தேம்பினாள்.

வியர்த்த கை ஒன்று அவள் தலைமேல் வந்து அமர்ந்தது.

"பரவால்ல, விடுட்டி."

"மகிழ்ச்சி, ஐயா," என்றது பெட்டி. "பூட்டு திறக்கப்படுகிறது."