முதல் பார்வை படும் இடம்

"கொஞ்சம் ஓரமா நில்லுங்க. உங்க குடைத் தண்ணியெல்லாம் என் கால்லதான் வடியுது."

குடைக்காரன் திரும்பினான். அந்தக் கண்கள்... மழையில் நனைந்த நாவல்பழம் போல. எங்கேயோ பார்த்த கண்களாச்சே என்று நீலாம்பாளுக்குத் திக்கென்றது.

யாங்கோன் அருங்காட்சியகத்துக்கு இத்தாலி ஓவியர்களின் நகல் படங்கள் வந்திருந்தன. அவள் ரசிக்க வரவில்லை, பாவம். பசுந்தாங் பகுதி அம்மன் கோயில் மண்டபத்தில் அவள் வரைந்த மீனாட்சிக்கு இன்னும் கண் திறக்கவில்லை. அவளை நம்பிக் கொடுத்த முதல் சுவர் அது. "சாயந்தரப் பூசைக்குள்ள கண் திறக்கலேன்னா சுண்ணாம்பு அடிச்சிடுவேன்" என்று தர்மகர்த்தா அய்யாசாமி, பர்மிய மரியாதையில் ஊ அய்யாசாமி, சொல்லிவிட்டார். கண் வைக்க யாராவது வழி சொல்ல மாட்டார்களா என்றுதான் படம் படமாக அலைந்தாள்.

குடைக்காரன் சமாதானமாகப் பேச்சுக் கொடுத்தான். "இவங்க ரெண்டு பேர் கதை தெரியுமா? லியோனார்டோ, மைக்கேலாஞ்சலோ. ஒருத்தருக்கு ஒருத்தர் ஆகாது. ஒரே மண்டபத்துல ஆளுக்கொரு போர்க்களம் வரையச் சொன்னாங்க."

"யார் ஜெயிச்சா?"

"யாருமில்ல. ஒருத்தருக்குச் சாயம் வழிஞ்சு போச்சு. இன்னொருத்தர் மாதிரிப் படத்தோட நிறுத்திட்டு ரோமுக்குக் கிளம்பிட்டார்." சிரித்தான். "எனக்கும் ஒரு எதிர்ச்சுவர் இருக்கு. நான் பகல்ல இன்சீன்லேருந்து வந்து சுந்தரேசரை முடிச்சேன். மீனாட்சியை வரையறவங்க சாயந்தரம் வர்றாங்களாம், பேர் மட்டும் தெரியும், ஆளைப் பார்த்ததில்ல. இன்னும் கண்ணு வைக்கல. சரியான பயந்தாங்கொள்ளி."

நீலாம்பாளின் முகம் சிவந்தது. பிறகு வெளுத்தது. எதிர்ச்சுவர் சுந்தரேசரின் கண்கள்தான் இவை; தர்மகர்த்தா 'கோ' என்று பர்மிய மரியாதையோடு சொல்லும் பெயரும் நினைவுக்கு வந்தது.

"அந்தப் பயந்தாங்கொள்ளி நான்தான், கோ உதயன். இன்னிக்கு உங்க எதிர்ச்சுவர் வெள்ளையாயிடும். நிம்மதியா இருங்க."

அவன் வாய் திறப்பதற்குள் அவள் மழையில் இறங்கிவிட்டாள்.

கோயிலில் சாரத்தின் மேல் ஏறி நின்றாள். தூரிகையைச் சாயத்தில் தோய்த்தாள்; சுவரில் வைக்கவில்லை. வாசலில் சுண்ணாம்பு வாளி தயாராக இருந்தது. ஊ அய்யாசாமி மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சொட்டச் சொட்ட ஓடி வந்தான் உதயன். குடையை எங்கேயோ விட்டிருந்தான்.

"ஏன் வைக்கல நீலா? பயம் இல்லன்னு இப்பப் புரியுது. சொல்லுங்க."

அவள் திரும்பவில்லை. "உங்க சாமிதான் காரணம். தினமும் எதிர்ல நின்னு அப்படிப் பார்க்கறார்... இவ நேரா பார்த்தா என் மனசு வெளியில தெரிஞ்சு மானம் போயிடும். தலையைக் குனிஞ்சா அது பொய்."

உதயன் சாரத்தின் அடியில் வந்து நின்றான்.

"கண்ணில்லாத அந்த முகத்தைப் பார்த்துத்தான் என் சாமிக்குக் கண்ணு வரைஞ்சேன்" என்றான் மெதுவாக. "அதை வரையற கையை ஒருநாள் பார்த்துடணும்னு இருந்தேன். பார்த்தேன்... திட்டிட்டேன்."

பூசை மணி அடித்தது. சுண்ணாம்பு அடிக்க வந்த ஆள் வாளியைத் தூக்கினான்.

"தள்ளுங்க" என்றாள். "முதல் பார்வை படற இடத்துல மனுஷங்க நிக்கக் கூடாது. அது கண்ணாடியிலதான் விழணும். அந்த முகம் பார்க்கற கண்ணாடியை எதிர்ல வைங்க."

உதயன் கண்ணாடியை எடுத்தான். சுவர் ஓரமாகச் சாய்த்து வைத்தான். அது இருக்க வேண்டிய இடத்தில் தானே வந்து நின்றான்.

"நகரட்டுமா?"

தூரிகை சுவரைத் தொட்டது. ஒரு கண்... மூச்சு வாங்கி, இன்னொரு கண்.

தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நகராதீங்க. உங்களைப் பார்க்கத்தான் கண்ணைத் திறந்திருக்கா."