பலகை கழுவுகிற நேரம்

நோன்பு திறக்கிற அந்தி நேரத்து மஃரிப் பாங்கு சொல்லி முடிந்து, கொழும்புக்குப் போகும் வீதியில் ஒரு வாகனம்கூட இல்லாத நேரத்தில், முஹ்ஸினின் காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டுக்குள் 'டிங்' என்று மணி அடித்தது.

வாகனம் வந்தால்தான் அந்த மணி அடிக்க வேண்டும். கோழிக் கடையின் ட்ரைவ்-த்ரூ பாதையில், வாகனத்தை விட்டிறங்காமலே ஓடர் கொடுக்கிற மெனுப் பலகைக்கு நேர் முன்னால், தரைக்கடியில் ஒரு கம்பிச் சுருளைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். இரும்பு ஏதாவது அதன் மேல் வந்து நின்றால் ஜன்னலில் இருப்பவனுக்குத் தெரிந்துவிடும். முஹ்ஸின் வாயிலிருந்த பேரீச்சம்பழத்தை மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கமராத் திரையைப் பார்த்தான். கமராவின் கண்ணாடியில் உப்பு படிந்து, பாதை பால் கலக்கிய தண்ணீர் மாதிரித் தெரிந்தது. அந்த வெள்ளைக்குள் எந்த வாகனத்தின் விளக்கும் இல்லை.

நோன்பு மாதத்தில் மதுரங்குளிச் சந்தி இப்படித்தான். பாங்குக்கு முன்னால் ஊரே திரண்டு வந்து ஹோன் அடிக்கும், பொரித்த கோழிக்கும் ரோல்ஸுக்கும் வரிசை வீதி வரைக்கும் நீளும். பாங்கு சொன்னதும் அத்தனை பேரும் வீட்டுக்குள் அடங்கிவிட, சந்தியில் நாய்கூடத் தலை காட்டாது. கடைப் பொடியன்களும் பள்ளிக்குத் தொழப் போய்விட்டார்கள். பொறுப்பாளர் என்பதால் முஹ்ஸின் மட்டும் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு கஞ்சி குடிப்பான். இந்த அமைதி முன்பெல்லாம் அவனுக்குப் பிடித்திருந்தது.

முன்பு என்றால், அந்தப் பெண் சாவதற்கு முன்பு.

எல்லாம் அந்தப் பலகையால் வந்த வினை. பழைய பலகை வெறும் பிளாஸ்டிக் தாள். பின்னால் ரியூப் லைட் எரியும், கோழிப் படம் வெயிலில் வெளிறிப் பச்சையாகி நிற்கும். ஆனால் ஒருநாளும் யாரையும் கடிக்கவில்லை. நோன்புக்குக் கொஞ்சம் முன்னால் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆளுயரத்துக்கு மேலே போகும் டிஜிட்டல் பலகைகளை நட்டார்கள். கொழும்பில் இருந்தபடியே விலையை மாற்றலாமாம். படத்திலுள்ள கோழியிலிருந்து ஆவி பறந்தது. தில்லையடியிலிருந்தெல்லாம் வந்து பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

உப்புக் காற்றைப் பற்றி மட்டும் யாரும் அந்தப் பலகைக்குச் சொல்லி வைக்கவில்லை. கடல்நீர்க் களப்பிலிருந்தும் உப்பளத்திலிருந்தும் வருகிற காற்று பகலெல்லாம் அதில் உப்பை அப்பியது. அந்தியில் ஈரம் பட்டதும் உப்பு கசிந்தது, கசிந்ததும் கரண்ட் ஒழுகியது, ஒழுகியதும் ட்ரிப் சுவிட்ச் 'டக்'கென்று விழுந்து பலகை இருண்டது. அதுவும் சரியாக வரிசை நீளும் நேரம் பார்த்து.

அதற்கு மருந்து கண்டுபிடித்தவள் மக்தலேனா. கற்பிட்டிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து கடையைத் துப்புரவு செய்கிறவள். மீன் பிடிக்கிற குடும்பம். உப்பு எதை எப்படித் தின்னும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இரும்பு வாளியில் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து பலகைக்கு முன்னால் வைப்பாள். வாளிக்கே மணி அடித்துவிடும். பிறகு ஓடர் கொடுக்கிற ஒலிவாங்கியில் குனிந்து கேட்பாள்: "தம்பி, கழுவட்டா?"

முஹ்ஸின் பலகையின் சுவிட்சை அணைப்பான். அணைத்துவிட்டு "ஓம்" என்பான். அதற்குப் பிறகுதான் அவள் துணியை நனைப்பாள். ஒருநாளும் இந்த ஒழுங்கு பிசகியதில்லை.

இந்த வருடம் நோன்பும் தவக்காலமும் ஒரே கிழமையில் தொடங்கின. "நீங்களும் பட்டினி, நாங்களும் பட்டினி, கோழிக்குத்தான் ஓய்வில்ல" என்று மக்தலேனா சிரிப்பாள். அவள் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தாள். அந்தக் கிழமையில் ஒருநாள் அவள் லீவில் நிற்க, பலகை திரும்பத் திரும்ப இருண்டுபோக, கொழும்பிலிருந்து போன் மேல் போன் வர, முஹ்ஸினுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கரண்ட் ஒழுகினால் அறுத்துவிடுகிற ட்ரிப் சுவிட்சை ஒதுக்கிவிட்டு நேராக ஒரு வயரைக் கொடுத்தான். பலகை இருளவே இல்லை. மறுநாளும் அந்த வயரைக் கழற்றவில்லை. வேலைக்குத் திரும்பியிருந்த மக்தலேனாவிடம் அதைச் சொல்லவும் இல்லை. பாங்கு சொன்ன கையோடு மணி அடித்தது. "தம்பி, கழுவட்டா?" வாயில் பேரீச்சம்பழம். கை கஞ்சிக் கோப்பையில். சுவிட்சை அணைக்காமலே, பழத்தை ஒதுக்கிக்கொண்டு சொன்னான்.

"ஓம், ஓம்."

அம்புலன்ஸ் வருவதற்குள் அவன் வயரைக் கழற்றிவிட்டான். சுகர் உள்ள மனிசி, ஒருசந்தி இருந்து மயங்கி விழுந்திட்டா என்று எல்லோருக்கும் சொன்னான். விசாரிக்க வந்தவர்களுக்கும் அதையேதான் சொன்னான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டோம் என்று நினைத்தான். மறைந்தது ஊருக்குத்தான், அவன் எந்தச் சோற்றில் கை வைத்தாலும் அது தட்டுப்பட்டது. நோன்பு பிடித்தான், தொழுதான், அழுதான். தௌபா செய்து பாவமன்னிப்புக் கேட்கக் கை ஏந்தினால், முதலில் அந்தப் பிள்ளையிடம் போய்ச் சொல்லு என்று நெஞ்சு சொன்னது.

அந்தப் பிள்ளை சுஜாந்தி. மக்தலேனாவின் ஒரே மகள். அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் கறுப்புச் சட்டையோடு வந்து நின்றாள். "அம்மாட வேலைய எனக்குத் தாங்க நானா." அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்ட பிள்ளையிடம் அவனால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. "பலகைய மட்டும் தொடாத, அத நான் பாத்துக்கொள்றன்" என்றான். அவளை எப்போதும் பாங்குக்கு முன்னாலேயே பஸ்ஸுக்கு அனுப்பிவிடுவான். எப்படியாவது நோன்புப் பெருநாளைக்குள் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பான். நினைப்பதோடு சரி.

இன்றைக்கு வரிசை வீதியைத் தாண்டி நின்றபோது பலகை மறுபடி இருண்டது. கொழும்பிலிருந்து மறுபடி போன். யா அல்லாஹ், பாங்கு வரைக்கும் மட்டும் என்று சொல்லிக்கொண்டு, அதே வயரை அதே இடத்தில் மறுபடி கொடுத்தவன் அவன்தான். அந்தக் கை அவனுடையதுதான். அதை இன்னும் கழற்றவில்லை.

'டிங்.'

இரண்டாவது மணி. அதோடு இன்னொரு சத்தமும் ஹெட்செட்டுக்குள் வந்தது. ஈரத் துணியை யாரோ பிழிகிறார்கள்; தண்ணீர் வாளிக்குள் சொட்டுகிறது; பிறகு துணி கண்ணாடியில் மெதுவாக, ஒரே தாளத்தில் தேய்கிறது. நனைந்த உப்பின் வாடை, கறுத்துப்போன வயரின் வாடை. பொரிக்கிற எண்ணெய் வாடையையும் தாண்டி அவை ஜன்னலுக்குள் வந்தன.

அவன் பலகையின் சுவிட்சை அணைத்தான்.

பாதையில் விழுந்திருந்த வெளிச்சம் அப்படியே இருந்தது.

மறுபடி போட்டு அணைத்தான். வெளிச்சம் அசையவில்லை. தேய்க்கிற சத்தம் நின்றது.

"தம்பி," என்றது குரல். மூச்சிரைக்கிற, களைத்த குரல். "கழுவட்டா?"

அவன் பேசுகிற பொத்தானை அழுத்தினான். "வேணாம் அக்கா! அல்லாஹ்வுக்காக வேணாம். தொடாதீங்க!"

அவன் கத்தியது அவனுக்கே கேட்டது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே, பாதையிலிருந்த ஒலிபெருக்கியில், அவனுடைய குரல் வேறு ஒன்றைச் சொன்னது. பழத்தை ஒதுக்கிக்கொண்டு, அவசரமாக, எரிச்சலோடு.

"ஓம், ஓம்."

"சரி நானா," என்றது ஒரு குரல். இது களைத்த குரல் இல்லை. சின்னக் குரல். சுஜாந்தி. அவள் பஸ் ஏறவில்லை. தாயிடம் பார்த்த ஒழுங்கின்படி, கேட்டுவிட்டுக் கழுவ வந்திருக்கிறாள்.

முஹ்ஸின் பின்பக்கம் பாய்ந்தான். கதிரை விழுந்தது. கஞ்சி கொட்டியது. மெயின் சுவிட்ச். இழுத்தான். கடை முழுக்க இருண்டது. காற்றாடி நின்றது. எண்ணெய்ச் சட்டியின் இரைச்சல் அடங்கியது.

பாதையில் வெளிச்சம் அணையவில்லை.

ஓடினான். செருப்புக் கழன்றது. வெறுங்காலோடு ஓடினான். "சுஜாந்தி! கைய எடு! தொடாத புள்ள!"

அவள் தொடவில்லை. இரும்பு வாளியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, பலகைக்குச் சற்றுத் தள்ளி நின்றாள். சட்டையில் ஒரு சொட்டு ஈரமும் இல்லை.

"கழுவத்தான் வந்தன் நானா. நீங்களும் ஓம் எண்டீங்க." அவள் குரலில் பயமே இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. "ஆனா அம்மா விடுறா இல்ல."

பலகையில் கோழி இல்லை. விலை இல்லை. வெறும் வெள்ளை வெளிச்சம். அதன் குறுக்கே ஒரு துணி மேலும் கீழும் போய் வந்தது. துணி போன இடமெல்லாம் கண்ணாடி துலங்கியது.

துணி கண்ணாடிக்கு உள்பக்கம் இருந்தது.

முஹ்ஸின் ஓட நினைத்தான். கால் வரவில்லை. நாக்கு வந்தது. இத்தனை நாளும் வராத சொற்கள் இப்போது தொண்டையை இடித்துக்கொண்டு வந்தன. "உங்கம்மா மயங்கி விழல்ல. நான்தான் புள்ள. வயர் குடுத்தது நான். அணைக்காம ஓம் சொன்னதும் நான்தான். ஒருசந்தி எண்டு பொய்யும் சொன்னன்."

"தெரியும் நானா," என்றாள் சுஜாந்தி. "இப்பதான் அம்மா சொன்னா."

அவள் வாளியை அவன் முன்னால் நீட்டினாள்.

"பலகைய உங்களக் கழுவச் சொல்றா அம்மா."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான். கை முந்திக்கொண்டது. அவன் அனுப்பாமலே வாளிக்குள் இறங்கியது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கை துணியை எடுத்தது. பிழியவில்லை. வெறுங்காலில் தண்ணீர் சொட்ட, ஈரத் தரையில், ஓரடி வைத்தான். இன்னோர் அடி. உள்ளே தேய்த்துக்கொண்டிருந்த துணி நழுவி விழுந்தது. அந்த இடத்தில் ஒரு கை மேலே வந்தது. விரல் நுனிகள் கறுத்த, தோல் சுருங்கிய கை. அவன் கை எந்த உயரத்துக்கு வருமோ அதே உயரத்தில், கண்ணாடியோடு ஒட்டி, அது மெல்ல விரிந்து நின்றது.