அயர்லாந்துப் பையனும் மண்ணூர்ப் பையனும்

“ஏங்க... நீங்க எங்க கம்பெனி இல்லியே!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. இசக்கிசெல்விக்கு முகம் பற்றி எரிந்தது.

ஒரகடம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடியும் நேரம். கொட்டும் மழை. வரிசையாக நிற்பதெல்லாம் ஒரே மாதிரி வெள்ளை பஸ். ஓடிவந்த வேகத்தில் பக்கத்து கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டாள். எல்லார் கழுத்திலும் ஐடி கார்டு தொங்கும் பச்சைப் பட்டை, அவளுக்கு மட்டும் நீலம். அதைக் கண்டுபிடித்தவன் சிரித்துக்கொண்டிருந்தான். இமையில் மழைத்துளி தொங்க, கண்களும் சேர்ந்து சிரித்தன... அதுதான் இன்னும் எரிச்சல்.

“இறங்கிக்கிடுதேன். அதுக்கு ஏன் ஊரைக் கூட்டுதீங்க?”

“ஐயே, உக்காருங்க. இதுவும் ஸ்ரீபெரும்புதூர்தான் போவுது. கையில இன்னா, அமலா மிஸ் குடுத்த ஜெராக்ஸா? நானும் அந்த ஈவினிங் இங்கிலீஷ் கிளாஸ்தான். கடைசி பெஞ்ச். வசந்தகுமார், மண்ணூரு.”

அந்த வாரப் பாடம் இரண்டு அயர்லாந்துச் சிறுகதைகள். ஊரை விட்டுத் தப்பிக்கத் துடிக்கும் இருவரை ஒப்பிட்டுப் பேச வேண்டும். ஒன்றில், மீன் கொட்டகையில் வேலை பார்க்கும் பெண் யாரிடமும் சொல்லாமல் கப்பலேறிவிடுகிறாள். மற்றதில், உருளைக்கிழங்கு வயல்காரப் பையன் வருடா வருடம் புறப்படுகிறான். அம்மாவைக் காரணம் சொல்லி நின்றும்விடுகிறான்.

“அந்தப் பொண்ணு சுத்த சுயநலம்ங்க,” என்றான் வசந்தகுமார்.

மாமன் மகனைக் கட்ட மறுத்து, ஒற்றைப் பையோடு சங்கரன்கோவிலிலிருந்து ரயிலேறி வந்தவளிடமா இதைச் சொல்வது?

“அவளா சுயநலம்? அந்தப் பயதான் பயந்தாங்கொள்ளி. பயத்துக்குப் பாசம்னு பேரு வச்சிருக்கான்!”

அவன் சிரிப்பு பட்டென்று அணைந்தது.

அமலா மிஸ் வேண்டுமென்றே இருவரையும் ஜோடி சேர்த்துப் பேசவிட்டார். வகுப்பில் சண்டை, டீக்கடையில் சண்டை, மழைக்காலம் முழுக்கச் சண்டை. விடுதிக்குத் திரும்பியதும் அவன் சொன்னதற்கெல்லாம் மனசுக்குள் பதில் தேடுவாள். அவன் வராத நாளில் யாரோடும் பேசப் பிடிக்காது. இது வெறும் கோபம்தானா... என்று தன்னையே கேட்டுக்கொண்டு, பதில் வருமுன் போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள்.

அன்று வகுப்பு முடிந்ததும் அவன் நண்பன் ஸ்ரீதர்தான் போட்டு உடைத்தான். “புனேல ரெண்டு வருஷ டிரெயினிங் கெடச்சிருக்கு இவனுக்கு. எவ்ளோ நாளா அலைஞ்சிகினு இருந்தான் தெரியுமா? நாளைக்கு வேணாம்னு சொல்லப் போறானாம். லூசு!”

குடையை விரிக்கவும் மறந்து, பஸ் நிறுத்தத்தில் வசந்தகுமாரைப் பிடித்தாள்.

“ஏன் போகலை?”

“அம்மா தனியா...”

“அண்ணன், அண்ணி எல்லாம் அதே வீட்லதானே இருக்காவ! பொய் சொல்லாதீங்க.”

அவன் தலை குனிந்தான். மழை அவன் முகத்தில் வழிந்தது.

“உன்னாலதான். நீ இங்க கீறே. வுட்டுட்டு நான் எப்பிடிப் போவேன்?”

எத்தனையோ இரவு அவள் கேட்க ஏங்கிய சொல். கேட்டதும் பொங்கியது... ஆத்திரம்.

“என் தலையில போடாதீங்க! உங்கம்மா தலையிலயும் போடாதீங்க! எங்கப்பா மிலிட்டரிக்குப் போகலையாம். அம்மாவாலயாம். சோறு போடும்போது, விளக்கணைக்கும்போது, அவளை ஒரு பார்வை பாப்பாரு. கல்யாணத்துக்காக மட்டுமில்ல, அந்தப் பார்வைக்குக் கீழ இருக்க முடியாமயும்தான் நான் ஓடியாந்தேன். நாளைக்கு நீங்களும் என்னை அப்படிப் பாக்கணுமா?”

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

“அப்போ... என்னைப் புடிக்கலியா?”

“பிடிச்சிருக்கு!” கத்தியே சொன்னாள். நிறுத்தத்தில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். “பிடிச்சதாலதான் போங்கன்னு சொல்லுதேன். பரீட்சை முடியட்டும், நானும் அங்க வேலை தேடி வாரேன். கூட்டிட்டுப் போக யாரும் வர வேண்டாம்.”

“கோவமாவே சொல்றியே செல்வி...”

“கோவமாத்தான் இருக்கேன். போறேன்னு சொல்லுங்க மொதல்ல.”

“போறேன்,” என்றான்.

அதைத்தான் கேட்டாள். கேட்டது கிடைத்ததும் ஏனோ அழுகை முட்டியது. அவன் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.