பூட்ஸைக் கழட்டு, ஹெட்லி!

போன் அலறியது.

காலை மணி பத்தேகால். ஆனால் ஜன்னலில் வெளிச்சமே இல்லை... கண்ணாடியை மறைத்துக்கொண்டு பனி கூரை வரை ஏறியிருந்தது.

நர்ஸ் உர்சுலா டோபின் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தாள்.

"சிஸ்டர்! ஹெட்லி பேசுறேன்! ஈசா பெரியப்பா... செத்துக் கிடக்கறார் சிஸ்டர்! தலையில அடி... ஒரே ரத்தம்!"

"கத்தாதே. எனக்குக் காது நல்லாவே கேக்கும். எங்கே?"

"அவர் வீட்டு சமையலறையில!"

"நீ உள்ளே போனியா?"

"ஐயோ, இல்ல! கதவைத் திறந்தேன், பார்த்தேன், திரும்பி என் வீட்டுக்கே ஓடி வந்துட்டேன். பூட்ஸைக்கூடக் கழட்டலை சிஸ்டர்!"

"அங்கேயே இரு."

"இருக்க மாட்டேன்! கொன்னவன் யாருன்னு எனக்குத் தெரியும். என் வீட்ல தங்கியிருக்கானே, போன் கம்பி ரிப்பேர் பண்ண வந்த பட்டணத்துப் பய கிராண்ட்... அவன்தான்! காலையில எட்டு மணிக்கு ஈசா வீட்டுக்குப் போனான். அவனை இழுத்துட்டு உங்க கிளினிக்குக்கே வர்றேன்!"

பட்டென்று வைத்துவிட்டான்.

ஹெட்லி கீட்ஸ், ஸ்கில்லட் கோவ் என்ற கடலோர ஊரின் ஊராட்சித் தலைவர். நாற்பத்தோரு பேர் வாழும் ஊருக்குத் தலைவர் என்பதில் அவனுக்கு இருந்த பெருமை, நாலு கோடி பேருக்குத் தலைவரானவனுக்குக்கூட இருக்காது.

உர்சுலா போலீசைக் கூப்பிட்டாள். போலீஸ் இருப்பது கடலுக்கு அந்தப் பக்கம், நகரத்தில்.

"கொலையா?" என்றார் கார்ப்பரல். "மேடம், படகு ஓடலை. ஹெலிகாப்டர் இந்தக் காத்துல எழும்பாது. புயல் அடங்கற வரைக்கும் நீங்கதான் பார்த்துக்கணும்."

"நான் ஊசி போடறவ."

"அங்கே வேற யார் இருக்காங்க?"

"முட்டாளுங்க."

"அப்போ நீங்கதான் மேடம்!"

உர்சுலா கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

இந்தக் குளிர்காலத்தில் இது மூன்றாவது பனிப்புயல். முதல் புயல் அலைதடுப்புச் சுவரைத் தின்றது. இரண்டாவது, படகுத்துறையில் பாதியையும் ஏழு மீன் கொட்டகைகளையும் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போனது. மூன்றாவது, மிச்சம் மீதி ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு நாளாக ஊரைச் சுற்றி ஊளையிட்டுக்கொண்டிருந்தது. பதினொரு நாளாகப் படகு இல்லை. கடையில் பால் இல்லை, முட்டை இல்லை, உருளைக்கிழங்கும் தீரப்போகிறது.

ஆனால் ஊரில் ஒரு பயல் உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசவில்லை. ஓட்டைப் பற்றித்தான் பேச்சு!

நாலில் மூன்று பங்குப் பேர் 'போகலாம்' என்று ஓட்டுப் போட்டால், அரசாங்கம் ஊரையே காலி செய்து எல்லோருக்கும் நகரத்தில் வீடு கொடுக்கும். நாற்பத்தோரு பேரில் முப்பத்தொரு ஓட்டு வேண்டும். கையில் இருந்தது முப்பது. மற்றவர்களெல்லாம் கல்லைக் கட்டிக் கடலில் போட்டாலும் மாறாதவர்கள். இழுத்தால் வருவார் என்று எல்லோரும் நம்பியது ஈசா பார்டி ஒருவரைத்தான். மூன்று மாதமாக ஊரே அவர் காலடியில் கிடந்தது. கேக், இறைச்சி, உப்பு மீன் என்று வராத தட்டு இல்லை. கிழவர் தின்று முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "யோசிக்கறேன்" என்பார்.

உர்சுலாவும் 'போகலாம்' கட்சிதான். போன குளிர்காலத்தில் இதே மாதிரி ஒரு புயலில் ஊர்ப் பெண் ஜாய்ஸுக்குப் பிரசவ வலி வந்தது. ஹெலிகாப்டர் வரவில்லை. குழந்தை உர்சுலாவின் கையிலேயே செத்தது. இன்னொரு குழந்தையை அப்படி ஏந்த அவளால் முடியாது. அதற்காகவே இந்த ஊரை மூட வேண்டும் என்று மனதார விரும்பினாள்.

ஈசா வீட்டு முன்கூடத்துக்குள் நுழைந்ததும் உர்சுலா பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள். உள்ளே பிணம் கிடந்தாலும் சரி, பூட்ஸோடு அடுத்தவர் வீட்டுக்குள் போகும் பழக்கம் இந்த ஊரில் எவருக்கும் கிடையாது.

கழற்றிய பூட்ஸை விரிப்பில் வைக்கப் போனவள்...

அப்படியே நின்றாள்.

விரிப்பில் ஈசாவின் பூட்ஸ், காய்ந்து போய். அதன் பக்கத்தில் பனி உருகிய தண்ணீர் குட்டையாக நின்றது. அந்தத் தண்ணீர் நடுவில் ஒரு ஜோடி பூட்ஸின் அச்சு. ஆனால் பூட்ஸ் இல்லை!

எவனோ வந்திருக்கிறான். ஒழுங்காக உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, ஜோடியாக வைத்துவிட்டு... கொலை செய்யப் போயிருக்கிறான்!

"அடப்பாவி... மரியாதை தெரிஞ்ச கொலைகாரன்!"

சமையலறையில் ஈசா குப்புறக் கிடந்தார். பக்கத்தில் அடுப்புக் கிளறும் இரும்புக் கம்பி. உடம்பில் இன்னும் சூடு இருந்தது. தரையில் சேறில்லை, பனியில்லை. ரத்தத்தை மிதித்த ஒரே ஒரு காலடி மட்டும். கம்பளி சாக்ஸின் பின்னல் அப்படியே பதிந்திருந்தது. முன்பக்கத்தில் மட்டும் பின்னல் இல்லை. அங்கே ஒரு கட்டைவிரல், ரேகையோடு, பளிச்சென்று!

ஓட்டை சாக்ஸ்.

உர்சுலா நிமிர்ந்தாள். அவள் உதட்டில் வந்தது சிரிப்பு என்று சொல்ல முடியாது.

கிளினிக் திரும்பியபோது ஹெட்லி வாசலுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் கிராண்டின் காலர். கிராண்டுக்கு மூக்கில் ரத்தம்.

"இவன்தான் சிஸ்டர்! பூட்டி வைங்க!"

"மேடம், நான் அந்தப் பெரியவர் வீட்டுப் பக்கம் போனது நெஜம்தான்," கிராண்ட் அழாத குறையாகச் சொன்னான். "போன் பெட்டியைப் பார்க்கலாம்னு கதவைத் தட்டினேன். அவர் 'பூட்ஸோட உள்ளே வந்தே, காலை ஒடிப்பேன்'னு உள்ளேயிருந்து கத்தினார். திரும்பி வந்துட்டேன்!"

"பூட்ஸைக் கழட்டிட்டுப் போக வேண்டியதுதானே?"

"இந்த லேஸைக் கட்டவே இருபது நிமிஷம் ஆகுது மேடம். வந்த நாள்லேர்ந்து தூங்கற நேரம் தவிர கழட்டினதே இல்ல."

"தெரியும். நீ தங்கின வீடு, சாப்பிட்ட வீடு, எல்லா வீட்டுப் பொம்பளையும் என்கிட்ட வந்து உன்னைத் திட்டிட்டாங்க. ரெண்டு பேரும் உள்ளே வாங்க. தரையை இப்பத்தான் துடைச்சேன்... பூட்ஸைக் கழட்டுங்க."

கிராண்ட் பெருமூச்சோடு குனிந்து லேஸை அவிழ்க்க ஆரம்பித்தான்.

ஹெட்லி அசையவில்லை.

"நான் இங்கேயே நிக்கறேன் சிஸ்டர். வேலை கிடக்கு. போகணும்."

"இந்தப் புயல்ல உனக்கு என்னடா வேலை?"

"தலைவருக்கு ஆயிரம் வேலை இருக்கும்."

"இருபத்திரண்டு வருஷமா இந்த வாசலைத் தாண்டறே. ஒரு நாளாவது பூட்ஸோட நின்னிருக்கியா? கழட்டு, ஹெட்லி."

"கால்ல... அடிபட்டிருக்கு."

"நான் நர்ஸ். காட்டு."

ஹெட்லி கதவைப் பார்த்தான். கிராண்ட் ஒற்றைக் காலில் பூட்ஸோடு கதவை மறித்து நின்றான். மூக்கு ரத்தத்துக்குப் பதில் சொல்ல அவனுக்கும் ஒரு வாய்ப்பு வேண்டியிருந்தது.

ஹெட்லி உட்கார்ந்தான். இடது பூட்ஸைக் கழற்றினான். வலது பூட்ஸைக் கழற்றினான்.

சாம்பல் நிறக் கம்பளி சாக்ஸ். முனையில் ஓட்டை. ஓட்டை வழியாகக் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது... நகத்தடியில் காய்ந்த ரத்தத்தோடு!

"சாக்ஸைக்கூட மாத்தலையாடா?" உர்சுலாவுக்கு ஆத்திரம் பொங்கியது. "ஊரையே இடம் மாத்தறேன்னு கிளம்பினவன்!"

"வேற ஜோடி துவைச்சுப் போட்டது... கரன்ட் இல்லாம காயலை சிஸ்டர்..."

"கொலை பண்ணப் போறவன் எதுக்குடா பூட்ஸைக் கழட்டினே?"

ஹெட்லி கட்டைவிரலை உள்ளே மடக்கினான்.

"கொலை பண்ணணும்னு போகலை. கடைசியா ஒரு தடவை கெஞ்சிப் பார்க்கலாம்னுதான் போனேன். 'யோசிக்கறேன்டா'ன்னு சிரிச்சார் சிஸ்டர்... அந்தச் சிரிப்பு! கம்பி கைக்கு எட்டற தூரத்துல இருந்துச்சு..."

"அப்புறம் பழியை இந்தப் பையன் தலையில கட்டினே."

"வெளியூர்க்காரன்தானே சிஸ்டர்!"

"தூ!" என்றான் கிராண்ட்.

உர்சுலா ரிசீவரை எடுத்தாள். ஹெட்லி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். குரல் குழைந்தது.

"ஒரு நிமிஷம்... கணக்கைப் பாருங்க. ஈசா போனப்புறம் ஊர்ல நாப்பது பேர். முப்பது ஓட்டு போதும். நம்மகிட்ட சரியா முப்பது இருக்கு! ஜெயிச்சாச்சு! ஓட்டு எண்ணற அன்னிக்கு ஊர்ல இருக்கறவன் ஓட்டுதான் செல்லும். நீங்க என்னைப் பிடிச்சுக் கொடுத்தா மிச்சம் முப்பத்தொன்பது பேர். அதுக்கும் முப்பது வேணும்... உங்ககிட்ட இருபத்தொன்பதுதான் இருக்கும்! ஒரே ஒரு ஓட்டுல எல்லாம் போச்சு!"

உர்சுலா கையை உதறப் பார்த்தாள். ஹெட்லி விடவில்லை.

"ஜாய்ஸ் மறுபடி முழுகாம இருக்கா, தெரியும்ல? அடுத்த குளிர்காலம் ஆரம்பிக்கற நேரத்துல புள்ளை பொறக்கும். நகரத்துல, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல பொறக்கட்டுமே சிஸ்டர்! இந்தப் பய யாரு? நேத்து வந்தவன். வாயை மூடிட்டு இருங்க... போதும்."

ஜாய்ஸைப் பற்றிச் சொன்னதுதான் அவளைச் சுருக்கென்று தைத்தது. அந்தக் குழந்தையின் கனம் இன்னமும் அவள் உள்ளங்கையில் இருந்தது.

கிராண்ட் அவளையே பார்த்தான். அவனுக்குக் கணக்கு புரியவில்லை, ஆனால் தன் தலை உருளப்போகிறது என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

"கையை எடு," என்றாள் உர்சுலா.

"சிஸ்டர்..."

"எடுடா! ஜாய்ஸ் புள்ளையை நான் எப்படியாவது காப்பாத்துவேன். மே மாசமே அவளைப் படகுல ஏத்தி நகரத்துல உட்கார வைப்பேன். அதுக்கு உன்னை மாதிரி ஒருத்தன் தயவு எனக்கு வேண்டாம்."

போலீசுக்குச் சொன்னாள். இரண்டே நிமிடம். கிராண்ட் மகிழ்ச்சியோடு தன் நீள லேஸால் ஹெட்லியின் கைகளைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினான். அந்த லேஸ் உருப்படியாகப் பயன்பட்டது அன்றைக்குத்தான்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. ஈசாவின் மகள் ஃப்ளாரி தூரத்து மாகாணமான ஆல்பர்ட்டாவில் இருந்தாள். உர்சுலா நம்பரைச் சுழற்றி, பக்குவமாக விஷயத்தைச் சொன்னாள்.

மறுமுனையில் வெகுநேரம் அழுகை.

"அவருக்குன்னு ரூமுக்குப் பெயின்ட்கூட அடிச்சு வெச்சிருந்தேன் சிஸ்டர்..." என்றாள் ஃப்ளாரி. "ஏப்ரல்ல வந்துடறேன்னு சொன்னாரு."

உர்சுலா குறுக்கிட்டாள். "ஏப்ரல்ல வர்றேன்னாரா? அவர் ஊரை விட்டு வரமாட்டேன்னு..."

"நாடகம் சிஸ்டர்! 'போகலாம்'னு என்னிக்கோ ஓட்டுப் போட்டுக் கவரை ஒட்டிட்டார். படகு வந்ததும் தபால்ல போடறேன், அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னார். 'சரின்னு சொல்லிட்டா நாளையிலேர்ந்து எனக்கு எவன் கேக் கொண்டாருவான்?'னு சிரிச்சாரு..."

உர்சுலா ரிசீவரை மெதுவாக வைத்தாள். திரும்பினாள்.

ரிசீவரிலிருந்து வந்த குரல் ஹெட்லிக்கும் கேட்டிருந்தது.

"பொய்... அவ பொய் சொல்றா..."

"நீ சும்மா வீட்ல படுத்துத் தூங்கியிருந்தா முப்பத்தொரு ஓட்டுடா!" உர்சுலா வெடித்தாள். "ஊரே ஜெயிச்சிருக்கும்! இப்போ கிழவன் ஓட்டும் போச்சு, உன் ஓட்டும் போச்சு. எல்லாரும் இங்கேயே கிடந்து பனி வாரணும்!"

"சிஸ்டர்... எனக்கு... இனிமே என்ன ஆகும்?"

உர்சுலா அவனைத் தலை முதல் கட்டைவிரல் வரை ஒரு பார்வை பார்த்தாள்.

"உனக்கென்னடா குறைச்சல்! நகரத்துல இடம், மூணு வேளை சாப்பாடு, ஹெலிகாப்டர்ல பயணம்... முப்பத்தொரு பேர் ஆசைப்பட்டும் முட்டி மோதியும், அரசாங்கச் செலவுல குடி மாறப்போறது நீ ஒருத்தன்தான்!"