போய்ட்டு வாரேன்

காட்டுப் பாதையில் செருப்பு கிடந்தால் ஆன்சி திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டாள். ஆனால் இவை கிடக்கவில்லை. விசேஷ வீட்டு வாசலில் கழற்றி விட்டதுபோல ஜோடி ஜோடியாக, முன்பக்கம் கருவேலம்புதரைப் பார்த்தபடி வரிசையாக இருந்தன. எந்த விசேஷ வீட்டிலும் இவ்வளவு ஒழுங்கை அவள் கண்டதில்லை. சிலவற்றில் சிலந்தி வலை பின்னியிருந்தது.

"யார் வீட்டு விசேஷமோ, நமக்குச் சொல்லல பாரு," என்றான் ஜூடு.

அவன் மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்கு. அவன் மனைவி ஆன்சி அங்கேயே கணக்கு டீச்சர். பழங்காநத்தத்து வீட்டில் பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்தில்தான் இருவருக்கும் பொழுது விடியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டபிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பூங்கா, மலையடிவாரம், கண்மாய்க்கரை என்று எங்காவது நடக்கக் கிளம்பிவிடுவார்கள். நகரத்துப் பூங்காக்களை எல்லாம் நடந்து தீர்த்தாகிவிட்டது. இன்று சமயநல்லூரைத் தாண்டி இந்தக் கண்மாய்க்கு வந்திருந்தார்கள்.

கரை நெடுக மயில் அகவிக்கொண்டும், தண்ணீரில் நாரைகள் சிறகடித்துக்கொண்டும், தொலைவில் நான்குவழிச் சாலை இரைந்துகொண்டும்தான் இருந்தன. செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றதும் அத்தனை சத்தமும், யாரோ மெல்லக் கதவைச் சாத்தியதுபோல, ஒவ்வொன்றாக அடங்கிப்போனது. புதருக்குள்ளிருந்து ஒரு வாடை வந்தது. தேங்காயெண்ணெய், பவுடர், வேர்வை, வெந்துகொண்டிருக்கும் சோறு. ஆட்கள் நிறையத் தங்கியிருக்கும் வீட்டு வாடை. அந்த முள்ளுக்குள் ஓர் ஆட்டுக்குட்டி நுழையக்கூட இடமில்லை.

"இருட்டப் போகுது. கெளம்புவோம்," என்றாள்.

ஜூடுவுக்குக் குறும்பு போகவில்லை. புதரைப் பார்த்துக் கும்பிட்டு, "அப்ப நான் போறேங்க," என்றான்.

ஆன்சியின் கை தானாகப் போய் அவன் வாயைப் பொத்தியது. அவள் அப்பா இன்னாசிமுத்து ஒருநாள் காலையில், ஏதோ கோபத்தில், "போறேன்" என்று சொல்லிவிட்டு வாசல்படி இறங்கினார். மத்தியானம் பைபாஸ் ரோட்டிலிருந்து வெறும் உடம்பாகத்தான் வந்தார். அன்றிலிருந்து அந்தச் சொல்லை வீட்டில் யாரும் சொல்ல அவள் விட்டதில்லை.

"போறேன்னு சொல்லாதீங்கன்னு எம்புட்டு தடவ சொல்றது? போய்ட்டு வாரேன்னு சொல்லுங்க."

அவள் கண் கலங்கினால் அவன் எதையும் மறுக்கமாட்டான். புதர்ப் பக்கம் திரும்பினான். "சரிங்க, போய்ட்டு வாரேன்."

"வாங்க," என்றது உள்ளேயிருந்து ஒரு பெண் குரல். அடுப்படி வேலையை விடாமல் பதில் சொல்வது போன்ற சாதாரணக் குரல்.

இருவரும் வேகமாக நடந்தார்கள். பனைமரத்தடியில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரை அடைந்ததும் ஜூடு சாவியைப் போட்டான். திருக்கவில்லை. அதை உருவி அவள் கையில் வைத்துவிட்டு வந்த வழியே திரும்பினான்.

"எங்கிட்டுங்க?"

"வாரேன்னு சொல்லிட்டேன்ல, ஆன்சி." குரல் அமைதியாக இருந்தது. கண்கள் மிரண்டிருந்தன. "என்னைப் பிடிச்சுக்க. கால் நான் சொல்றதைக் கேக்கல."

சட்டையைப் பிடித்தாள். இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவன் அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடந்தான். அக்கரையில் ஒருவர் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். ஆன்சி தொண்டை கிழியக் கத்தி, கையை வீசினாள். அவரும் கையை வீசினார், ஊருக்குக் கிளம்புகிறவர்களை வழியனுப்புவதுபோல.

புதர் வந்தது. ஜூடு உட்கார்ந்தான். ஷூ கயிற்றை அவிழ்த்தான். கண்ணீர் வழிந்தது. விரல்கள் நிற்கவில்லை. ஷூக்களை வரிசையின் கடைசியில் சேர்த்து வைத்தான்.

நான்தானே சொல்லவைத்தேன். அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

"எங்கிட்டயும் சொல்லுங்க," என்று அழுதாள். "போய்ட்டு வாரேன்னு எங்கிட்டயும் சொல்லுங்க."

அவன் வாய் 'வா' என்று திறந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றான். வரவில்லை.

"போறேன், ஆன்சி."

முள் விலகியது. கூட்டத்தில் ஆட்கள் நகர்ந்து இடம் விடுவதுபோல விலகி, அவன் பின்னால் சேர்ந்துகொண்டது. ஒரு சுள்ளிகூட ஒடியவில்லை.

இருட்டிவிட்டது. ஸ்கூட்டர் சாவி உள்ளங்கையில் அழுந்தியது. ஓடவேண்டும். பேசாமல் ஓடிவிடவேண்டும்.

"நீங்களும் வாங்களேன்," என்றது அந்தக் குரல்.

பதில் சொல்லக்கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் பிறந்ததிலிருந்து, கூப்பிட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் அவள் எந்த வாசலையும் விட்டு வந்ததில்லை. போகமுடியாத இடத்துக்கெல்லாம் சொல்லிப் பழகிய பதில் ஒன்றுதான். வாய் தானாகத் திறந்தது.

"இல்லங்க. இன்னொரு நாள் வாரேன்."

சொன்னபிறகுதான் அந்த 'வாரேன்' அவள் காதில் விழுந்தது.

"சரி," என்றது உள்ளேயிருந்து அந்தக் குரல்.

காலடியில் மண் ஈரமாக, சில்லென்று இருந்தது. ஆன்சி குனிந்து பார்த்தாள். வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் செருப்பு, ஜூடுவின் ஷூவுக்குப் பக்கத்தில், புதரைப் பார்த்தபடி ஒழுங்காக இருந்தது.