சுவரோரம் ஊன்றிய கை

மேசையின் சுவர்ப் பக்கத்தில் ஒரு கை ஊன்றிய தடம் இருந்தது.

அதைப் பார்த்ததும் இஸ்திரிக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. பயமெல்லாம் அப்போது வரவில்லை. பயம் வந்து உட்கார அவரிடம் இடம் ஏது, இருந்த இடத்தையெல்லாம் கோபம்தான் பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருந்ததே. வேலையிலிருந்து வந்தவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, முகம்கூடக் கழுவாமல் நேரே பின்னறைக்கு வந்து விளக்கைப் போட்டிருந்தார். மேசைக்கு மேலே தாழ்வாகத் தொங்கிய நீள விளக்கு துணியை மட்டும் பச்சையாகக் காட்டிவிட்டு, அறையின் மூலைகளை இருட்டுக்கே விட்டுவைத்தது. ஈரச் சுவரின் வாசனையும் சூடுபட்ட கம்பளியின் வாசனையும் கலந்து அடித்தன.

கிளப்புகளில் உள்ள ஸ்னூக்கர் மேசைகளுக்குத் துணி மாட்டுவது அவர் தொழில். பழைய துணியை உரித்து, புதியதைத் தொய்வில்லாமல் இழுத்து அடித்து, பிரஷ் போட்டு, அதற்கென்றே செய்த கனத்த இரும்புப் பெட்டியால் தேய்த்துக் கொடுப்பார். அதனால்தான் இஸ்திரி என்று அந்தப் பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டவனையும் சேர்த்துத் தேய்த்துவிடுவார் என்று முதுகுக்குப் பின்னால் சிரித்துக்கொள்வார்கள்.

ஒரு கிளப் கழித்துக்கட்டிய பாதி அளவு மேசையை வாங்கிவந்து, மகளுக்காகப் பின்னறையில் போட்டிருந்தார். அறை சின்னது. மேசையின் ஒரு நீளப் பக்கத்தைச் சுவரோடு சுவராக ஒட்டிவைத்தால்தான் மற்ற மூன்று பக்கமும் ஆள் நிற்க முடியும். சுவருக்கும் மேசைக்கும் நடுவே ஒரு கரப்பான்பூச்சி போவதென்றாலும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் போகவேண்டும். அந்தப் பக்கம் நின்று ஆட முடியவில்லை என்று மகள் ஒருமுறை சொன்னதற்கு, "நாலு பக்கமும் இடமிருந்தா எவன் வேணா ஆடுவான். மூணு பக்கத்துல ஆடி ஜெயிச்சுக் காட்டு" என்று வாயை அடைத்துவிட்டார்.

தினமும் காலையில் அவரே பிரஷ் போட்டுத் தேய்ப்பார். ஸ்னூக்கர் துணியில் மெல்லிய ரோமம் உண்டு. ஒரே திசையில் படுக்கவைத்துத் தேய்த்தால் துடைத்த சிலேட்டுப் பலகை மாதிரி ஆகிவிடும். பிறகு அதன்மேல் நடப்பதெல்லாம் பதியும். பந்து உருண்ட வழி மங்கலான கோடாகத் தெரியும். ஓங்கி அடித்த இடத்தில் எறும்பு அளவுக்கு வெள்ளைச் சூடு விழும். கை ஊன்றிய இடத்தில் ரோமம் அமுங்கி, க்யூ கோலின் முனையில் பூசும் சாக்கின் நீலப் பொடி ஐந்து விரல் நிழலாக நிற்கும். மாலையில் அவர் குனிந்து நின்று இதையெல்லாம் வாசிப்பார். மகள் எவ்வளவு நேரம் ஆடினாள், எந்த அடியைத் தவிர்த்தாள், எப்போது சலித்துப்போய் சும்மா பந்தைத் தள்ளினாள் என்று பிட்டுப் பிட்டு வைப்பார். அதன்பின் திட்டு ஆரம்பிக்கும்.

இன்றைக்கு வாசித்ததில் இந்தக் கை. உள்ளங்கையின் அடி சுவர்ப் பக்கத்து குஷனில், பந்து மோதித் திரும்பும் விளிம்பில் இருந்தது. விரல்கள் அறையை நோக்கி நீண்டிருந்தன.

"பாப்பா."

பாப்பா என்பது கூப்பிடும் பேர்தான். பள்ளியின் கடைசி வகுப்புக்கு வந்துவிட்ட பெண். வந்து வாசலில் நின்றாள்.

"மேசை மேல ஏறுனியா?"

"இல்லப்பா."

"அப்ப இது என்ன? கைய இங்க வை."

அவள் சுற்றி வந்து எட்டிக் கையை வைத்தாள். தடத்தின் விரல்கள் அவள் விரல்களைவிட ஒரு கணு நீளமாக இருந்தன. ஆம்பளைக் கை என்று அவர் மனசு உடனே முடிவு கட்டிவிட்டது. இத்தனை வருஷம் ராப்பகலாக உழைத்து ஆளாக்குகிறோம், இவள் எவனையோ வீட்டுக்குள் விட்டு, மேசை மேல் ஏற்றி ஆடவைத்திருக்கிறாள். அவருக்குக் காது மடல் துடித்தது.

"யாரு வந்தா?"

"யாரும் வெளியேருந்து வரலப்பா."

அந்தப் பதிலில் இருந்த ஒரு சொல்லை அவர் கவனித்திருக்கலாம். கத்துகிறவருக்குக் காது எங்கே கேட்கிறது. தேர்வுப் போட்டி அடுத்த மாதம், உன் வயசில் நான் கிளப்பில் மேசை துடைத்தேன், உனக்கு என்ன குறைச்சல் என்று அவர் பாட்டுக்குப் பொரிந்து தள்ளினார். பாப்பா தலையைக் குனிந்து துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டு வாங்கும் பிள்ளையின் முகமாக அது இல்லை. யாரோ தூங்குகிறார்கள், சத்தம் போடாதீர்கள் என்று சொல்ல வாய் எடுத்து நிறுத்தியவள் மாதிரி இருந்தாள்.

மறுநாள் காலை அவர் வழக்கத்தைவிட அழுத்தித் தேய்த்தார். தடம் போயிற்று. வீட்டிலிருந்த சாக் கட்டிகளை எல்லாம் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அறைக்கு ஒரே கதவு, ஜன்னல் கிடையாது. புதுப் பூட்டு வாங்கி மாட்டி, இருந்த இரண்டு சாவிகளையும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். போன இடத்தில் கை தவறி ஒரு துணியைக் கோணலாக வெட்டி, அதற்கும் மகளையே மனசுக்குள் திட்டினார்.

மாலையில் பூட்டைத் திறந்தார். விளக்கைப் போட்டார். சாக் தூள் காற்றில் மிதந்துகொண்டிருந்தது.

துணி முழுக்கக் கோடுகள். பந்துகள் ஓடியிருந்தன, மோதியிருந்தன, சூட்டுப் புள்ளிகள் விழுந்திருந்தன. ஆடியது ஒரே கைதான், எல்லா அடியும் சுவர்ப் பக்கத்திலிருந்துதான். அந்தக் கை ஊன்றிய இடத்தில் ரோமமே இல்லை. வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் கை தேய்ந்தால்தான் ரோமம் உதிர்ந்து அடியிலுள்ள இழை பளபளக்கும். பழைய கிளப்புகளில் அப்படிப் பார்த்திருக்கிறார். இந்தத் துணி அவர் கையால் மாட்டியது, புத்தம் புதுசு. விரலால் தடவிப் பார்த்தார். வழுக்கையாக இருந்தது. கொஞ்சம் கதகதப்பாகவும் இருந்தது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

அங்கேயே அவருக்குப் பயம் வந்திருக்க வேண்டும். ஆனால் பயத்தின் குளிரை அவரால் தாங்க முடியாது, கோபத்தில் சூடாக்கிக்கொண்டார். சமையலறைக்குப் போய் மனைவியைப் பிடித்தார்.

"சாவி எங்க வாங்கின? யாருக்குத் திறந்துவிட்ட?"

"சாவி உங்க பையில. கேள்வி என்கிட்டயா?" அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்த ரூமுக்குள்ள நான் கால் வச்சு எத்தனை நாளாச்சு. நீங்க கத்துறது இங்க வரைக்கும் கேக்குது, அது போதும் எனக்கு."

பாப்பா அம்மாவின் பக்கத்தில் நின்று தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நான் வரலைன்னு அது தனியா ஆடியிருக்கும்" என்றாள்.

"எது?"

"தினம் என்கூட ஆடுறதுப்பா. நல்லா ஆடும்." துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள். "நான் தப்பா அடிச்சா திட்டாது. மறுபடி அடின்னு பந்தை எடுத்து வச்சிடும்."

மனைவியின் கையிலிருந்த கரண்டி நின்றது. இஸ்திரி சிரித்தார். அந்தச் சிரிப்பு அடிக்கு முந்தியது என்று வீட்டில் இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் அவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று பின்னால் தோன்றப்போகிற காரியத்தைச் செய்தார். மகளின் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போனார், சாக் கட்டியை எடுத்து அவள் கையில் திணித்தார்.

"ஆடு. எவன் வர்றான்னு நானும் பாக்குறேன்."

"என்னங்க, பிள்ளைய உள்ள வச்சுப் பூட்டுறது என்ன பழக்கம்" என்று மனைவி பின்னாலேயே வந்தாள். "பயமா இருக்குங்க எனக்கு. வேண்டாம்."

"உனக்கு எது பயமில்ல. போய் அடுப்பைப் பாரு."

பூட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டுக் கதவுக்கு எதிரே உட்கார்ந்தார். வெளியே இன்னும் முழுசாக இருட்டவில்லை. எங்கோ குழந்தைகள் விளையாடும் சத்தம் வந்தது. உள்ளே முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சாக்கை முனையில் தேய்க்கும் கிரீச். செருப்புக் கால் நடக்கும் சரசரப்பு. டக். பந்து ஒன்று பாக்கெட்டில் விழுந்தது.

அவருக்கு மகளின் ஆட்டம் காதாலேயே தெரியும். அடிப்பதற்கு முன் ஒரு மூச்சு நிறுத்துவாள். அடித்ததும் இரண்டு அடி நகர்வாள். டக், சரசரப்பு, டக். சரியாகத்தான் ஆடுகிறாள். பார்த்தாயா, ஒருத்தனும் இல்லை, எல்லாம் வாய்க்கொழுப்பு என்று அவர் காலை நீட்டிக்கொண்டார்.

டக்.

இந்த அடிக்கு முன்னால் நடை இல்லை. மூச்சும் இல்லை. பந்து வேறு மாதிரி போனது, அவசரமே இல்லாமல், மேசையின் முழு நீளமும் போய்த் திரும்பி வந்து, இன்னொன்றை மெல்லத் தொட்டது. கிளப் கிளப்பாகத் திரிந்தவர், அப்படி ஒரு அடியை அவர் கேட்டதில்லை.

பாப்பா சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் அவரை அறுத்தது. அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு வருஷமாகிறது. கடைசியாக எப்போது என்று யோசித்தார், அகப்படவில்லை. என் மகள், என் மேசை, என் துணி. எவனிடமோ சிரிக்கிறாள். எழுந்து கதவை உதைத்தார். "என்னடி சிரிப்பு? ஒழுங்கா ஆடு."

உள்ளே எல்லாம் நின்றது. பின்பு அவள் குரல் மட்டும், மிகவும் தணிந்து, கதவை நோக்கி இல்லாமல் எதிர்ப்பக்கம் நோக்கிப் பேசியது.

"அவர் அப்படித்தான். நான் அங்க வரட்டுமா?"

மரம் முனகியது. மேசையின் மரம், பாரம் ஏறும்போது முனகுவது போல. துணிமேல் ஏதோ உரசிப் போனது. முட்டி. உள்ளங்கை. பிறகு பாரம் இறங்கியது.

டக்.

மகளின் அடி. முன்னால் அதே மூச்சு. ஆனால் சத்தம் தூரத்திலிருந்து வந்தது, சுவரோரத்திலிருந்து. அடித்தபின் இரண்டு அடி நகரவில்லை. அங்கே நகர இடம் கிடையாது.

"பாப்பா?"

சாவி பையில் மாட்டிக்கொண்டது. சாவி விழுந்தது. எடுத்தார். திறந்தார்.

விளக்கு. பச்சைத் துணி. பந்துகள்.

யாரும் இல்லை.

மேசைக்கு அடியில் பார்த்தார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். அவளுடைய செருப்பு மேசைக்கு இந்தப் பக்கம், ஜோடியாக, ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. சுவரில் ஒரு கீறல் இல்லை. ஓடி மேசையைப் பிடித்து இழுத்தார். உள்ளே கல் பலகை. நாலு ஆள் சேர்ந்து தூக்கிவைத்தது. அசையவில்லை. சுவரைக் குத்தினார். கெட்டியான சுவர். விரல் முட்டியில் ரத்தம் வந்தது.

அப்புறம்தான் துணியைப் பார்த்தார். சுவர்ப் பக்கத்தில் இரண்டு தடங்கள். ஒன்று பெரியது. ஒட்டினாற்போல் சின்னது ஒன்று. சின்னதன் விரல் நுனிகளில் நீலப் பொடி இன்னும் உதிராமல் புதுசாக இருந்தது.

மனைவி வந்து நின்றாள். அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள். கத்தவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, மேசை மேல் குனிந்து, கை எட்டிய மட்டும் நீட்டி உள்ளங்கையைத் துணியில் வைத்தாள்.

"பாப்பா," என்றாள். "அம்மாடா. வா."

ரோமம் அசைந்தது. சின்னத் தடம் இருந்த இடத்தில் விரல் விரலாக அமுங்கி, எழுந்து, ஒரு சாண் முன்னால் வந்து அமுங்கியது. மறுபடி ஒரு சாண். வழியெல்லாம் நீலம்.

"பிடி. பிடிச்சு இழு" என்றார் இஸ்திரி.

"நீங்க வெளிய போங்க."

"என்னது?"

"உங்களைப் பாத்து வரமாட்டேங்குறா. கையெடுத்துக் கும்பிடுறேன், வெளிய போங்க." அம்மாவின் விரலுக்கும் அந்த விரலுக்கும் நடுவே இனி ஒரு பந்து நிற்கும் இடம்தான் இருந்தது.

வாசல் அவருக்குப் பின்னாலேயே இருந்தது. ஒரு கால் எடுத்து வைத்தால் போதும். அவரும் நினைத்தார், போய்விடலாம் என்று. ஆனால் என் வீட்டில், என் மகளைக் கூப்பிட, என்னையே வெளியே போ என்கிறாளே என்ற ஒன்று நெஞ்சிலிருந்து கிளம்பி, அவர் தடுக்கும் முன்பே தோளுக்கு வந்து, கைக்கு வந்துவிட்டது. குஷன் மேல் ஓங்கி அறைந்தார்.

"வெளிய வாடி."

சின்னத் தடம் சுருண்டது. வந்த வழியே இழுத்துக்கொண்டு பின்னால் போனது. ஐந்து நீலக் கோடுகள் சுவர்வரைக்கும் நீண்டு குஷனுக்கடியில் மறைந்தன. மனைவி பாய்ந்து பிடித்தாள். வெறும் துணிதான் அகப்பட்டது.

அவள் அலறினாள். அவர் கை அறைந்த இடத்திலேயே நின்றது.

மறைந்த இடத்தின்மேல் பெரிய கை வந்து ஊன்றியது. நிதானமாக. மூடினாற்போல. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அது வேறு கை, குட்டை விரல்கள். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, குழந்தைக் கை. அதற்கடுத்து. அதற்கடுத்து. சுவரின் அந்த நீளம் முழுக்க, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, சின்னதும் பெரியதுமாகக் கைகள் துணியை அமுக்கிக்கொண்டே போயின. மேசையின் மரம் பாரம் தாங்காமல் முனகியது. நீலப் பொடி எழும்பி விளக்கை மறைத்தது. அந்தப் பக்கம் நின்றவர்கள் எல்லோரும் குனிந்து, முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து, அவரைப் பார்த்தார்கள்.