வாக்கரில் ஒரு மஞ்சப்பை

பிளெஸ்ஸியின் அப்பா ஆரோக்கியதாஸ் வல்லத்திராக்கோட்டையில் லோடு ஆட்டோ ஓட்டுபவர். ஒரு இடத்தில் சும்மா உட்காரவே மாட்டார். அப்படிப்பட்டவர் வண்டியிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். பாவம்.

"கட்டு பிரிக்க நாளாகும். ஆனா வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு அடிக்கடி நடக்கணும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அப்பாவும் நடந்தார். இருந்தாலும், "பிளெஸ்ஸி, தண்ணி", "பிளெஸ்ஸி, போனு" என்று வீட்டில் நாள் முழுக்க அவள் பெயர்தான். காலாண்டு விடுமுறை என்பதால் அவளும் ஓடி ஓடி எடுத்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. அம்மா ஷர்லி புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். அவரும் லீவு முடிந்து அன்றுதான் வேலைக்குப் போக வேண்டும்.

"நான் வேலைய விட்டுடுறேன்" என்றார் அம்மா.

"எனக்காக ஏன் விடணும்? நான் சமாளிச்சுக்குவேன்."

"தண்ணிக்கே இவளைத்தான கூப்பிடுறீங்க?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவுக்கு அந்தக் கடை என்றால் உயிர். இரண்டு பேர் முகத்தையும் பார்த்த பிளெஸ்ஸிக்கு அழுகையே வந்துவிட்டது.

சனிக்கிழமை அவள் ஒரு வேலை செய்தாள். தண்ணீர்க் குடம், தட்டு, மாத்திரை, போன், சீப்பு, விசிறி எல்லாவற்றையும் கட்டிலைச் சுற்றி அடுக்கினாள்.

அப்பா சுற்றிலும் பார்த்தார். "சந்தையில கடை போட்ட மாதிரி இருக்கேம்மா. இதை எல்லாம் நான் யாருக்கு விக்கிறது?"

"எல்லாம் கைக்கு எட்டுதுல்லப்பா?"

"எட்டுது. அப்புறம் நான் எதுக்கு எந்திரிச்சு நடக்கப்போறேன்?"

அதுவும் சரிதான். பிளெஸ்ஸி எல்லாவற்றையும் பழைய இடத்திலேயே வைத்தாள். பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மடக்கியபடி, தானே அடுப்படிக்குப் போய்ப் பார்த்தாள். போவது எளிதாகத்தான் இருந்தது. டம்ளரில் தண்ணீர் மோந்துகொண்டு திரும்பும்போதுதான் விழித்தாள். இரண்டு கையும் வாக்கருக்கே வேண்டும். டம்ளரை எதால் பிடிப்பது?

பல்லால் கடித்துக்கொண்டு இரண்டடி வைத்தாள். தண்ணீர் முழுக்கக் கழுத்து வழியாக ஓடியது. அதைப் பார்த்து அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று!

"அப்பா, ஒங்களால நடக்க முடியுது. தூக்கிட்டு வரத்தான் முடியல" என்றாள் பிளெஸ்ஸி.

கதவுக்குப் பின்னால், பக்கத்து வீட்டுத் திலகவதி அக்கா கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுத்த மஞ்சப்பை தொங்கியது. அதை வாக்கரின் முன்கம்பியில் மாட்டினாள். அப்பா நடந்து பார்த்தார். பை ஆடி ஆடி முழங்காலில் இடித்தது. பையின் கீழ்முனைகளையும் நாடாவால் கம்பியோடு சேர்த்துக் கட்டினாள். ஆட்டம் நின்றது.

"போன் சரி. மாத்திரையும் சரி. தண்ணி சிந்துமே?" என்றார் அப்பா.

பிளெஸ்ஸி பரணிலிருந்து சின்னத் தூக்குவாளியை எடுத்துக் கழுவினாள். அதற்குத்தான் அழுத்தமான மூடி இருக்கிறதே.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்பா பையும் தூக்குமாக வீட்டுக்குள் நடந்து பழகினார். அம்மா பையின் முடிச்சுகளை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். "சரி, நாளைக்கு ஒரு நாள் பாப்போம்" என்றார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பிளெஸ்ஸிக்குப் பாடத்தில் மனசே ஓடவில்லை. மணி அடித்ததும் வேகவேகமாக வீட்டுக்கு வந்தாள். கட்டில் காலியாக இருந்தது. "அப்பா!" என்று கத்தினாள்.

"வந்துட்டியாம்மா? இங்கிட்டுத்தான் இருக்கேன். உக்காரு, வாரேன்."

அடுப்படியிலிருந்து 'டக், டக்' என்று வாக்கர் வந்தது. அப்பா பையிலிருந்து இரண்டு டம்ளர், ஒரு பிஸ்கட் பாக்கெட், கடைசியாகத் தூக்குவாளியை எடுத்தார். மூடியைத் திறந்ததும் டீ மணத்தது.

"நீங்களே போட்டீங்களாப்பா?"

"பின்னே? அம்மா போன் பண்ணினா. எல்லாத்தையும் சொன்னேன். வேலைய விடலையாம்."

பிளெஸ்ஸி துள்ளி எழுந்தாள்.

"எந்திரிக்காத. இன்னிக்கு ஒனக்கு என்ன வேணும்னாலும் என்னைக் கூப்பிடு" என்றார் அப்பா.

பிளெஸ்ஸி மறுபடி உட்கார்ந்து, அப்பாவைப் போலவே காலை நீட்டி முக்காலியில் போட்டுக்கொண்டாள்.

"அப்பா, தண்ணி!"